சொல்லை அதன் சுற்றத்தோடு கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



உங்கள் மாணவர்களின் ஆங்கில நோட்டில் 'மீனிங்ஸ்' என்று தலைப்பிட்ட பக்கங்கள் இருக்கும். நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு நேராக ஒரு தமிழ்ச் சொல். பாடம் தொடங்கும் நாளில் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வது, வீட்டில் உருப்போடுவது, மறுநாள் ஒப்பிப்பது என்று தலைமுறை தலைமுறையாக இந்த வழக்கம் நம் வகுப்பறைகளில் நிலைத்திருக்கிறது. வலப்பக்கம் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவதால்தான், நூற்றுக்கணக்கான சொற்களுக்குப் பொருள் சொல்லத் தெரிந்த பிள்ளை நான்கு வரி விண்ணப்பம் எழுதத் திணறுகிறது என்பது என் கருத்து. பொருள் வேறு, ஆட்சி வேறு. சொல்லாட்சி என்று தமிழில் நாம் எதைச் சொல்கிறோமோ அது ஆங்கிலச் சொல்லுக்கும் உண்டு. அதைக் கற்பிக்காமல் பொருளை மட்டும் கொடுத்தால் சொல் பாதிதான் போய்ச் சேர்கிறது.

ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம்: 'அஃபோர்ட்'. இது அபூர்வமான சொல் இல்லை; வீட்டுமனை விளம்பரங்களில் 'அஃபோர்டபிள்' என்று அதன் உறவுச்சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. நோட்டில் இதற்கு நேராக 'இயலுதல்' என்றோ 'வாங்கும் வசதி பெற்றிருத்தல்' என்றோ இருக்கும். இரண்டையும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் 'இயலுதல்' என்று படித்த பிள்ளை, 'என்னால் நீந்த இயலும்' என்பதற்கு 'ஐ அஃபோர்ட் டு ஸ்விம்' என்று எழுதினால் அதைத் தடுக்க அந்த நோட்டில் எதுவும் இல்லை. 'வாங்கும் வசதி' என்று படித்த பிள்ளை, அப்பா நேற்று சைக்கிள் வாங்கியதைச் சொல்ல 'மை ஃபாதர் அஃபோர்டட் எ சைக்கிள் எஸ்டர்டே' என்று எழுதக்கூடும். சிவப்பு மையில் சுழித்து 'ராங் வேர்ட்' என்று நீங்கள் எழுதுவீர்கள். ஏன் தவறு என்று பிள்ளைக்குத் தெரியாது, ஏனென்றால் கொடுக்கப்பட்ட பொருளுக்கு அது உண்மையாகத்தான் நடந்திருக்கிறது.

இத்தனைக்கும் இந்தச் சொல்லுக்கு நம் பேச்சுத்தமிழில் கச்சிதமான இணை இருக்கிறது: கட்டுப்படியாவது. 'அந்த வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது' என்று வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்காத பிள்ளை இருக்காது. 'இயலுதல்' தராத தெளிவை இது ஒரு நொடியில் தந்துவிடும். இரண்டுக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. நாம் 'கட்டுப்படியாகாது', 'கட்டுப்படியாகுமா' என்று பெரும்பாலும் எதிர்மறையிலும் கேள்வியிலும்தான் இதைப் புழங்குகிறோம். ஆங்கிலத்திலும் இது பெரும்பாலும் 'கான்ட்', 'குடன்ட்' ஆகியவற்றின் பின்னால்தான் வரும். ஆனால் வாக்கியத்தில் இரண்டும் உட்காரும் விதம் தலைகீழ். தமிழில் வாடகை எழுவாய். ஆள் 'நமக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய், வாடகை செயப்படுபொருள்: 'வீ கான்ட் அஃபோர்ட் த ரென்ட்'. இந்த இடமாற்றத்தை யாரும் சொல்லாவிட்டால் பிள்ளை 'த ரென்ட் இஸ் நாட் அஃபோர்ட் ஃபார் அஸ்' என்று எழுதும். அது மந்தபுத்தியால் வந்த தவறு இல்லை. தன் தாய்மொழியின் இலக்கணத்தைப் பிசகில்லாமல் பின்பற்றியதால் வந்தது.

அடுத்து, பணத்தோடு இந்தச் சொல் நிற்பதில்லை. 'ஷீ கான்ட் அஃபோர்ட் த டைம்' என்றால் அவரால் அதற்கு நேரம் ஒதுக்க முடியாது என்று பொருள். 'வீ கான்ட் அஃபோர்ட் டு லூஸ் திஸ் மேட்ச்' என்றால் இந்த ஆட்டத்தில் தோற்றால் நமக்குத் தாங்காது. 'டு' சேர்ந்து இப்படி வரும்போது, அதன்பின் பெரும்பாலும் 'லூஸ்', 'வெயிட்', 'இக்னோர்' என்று நட்டம் தரக்கூடிய செயல்கள் வருவதைக் கவனியுங்கள். மாடியிலிருந்து கடல் தெரிகிறது என்பதைச் சொல்ல இதே சொல்லைப் பயன்படுத்தும் ஏட்டு வழக்கு ஒன்றும் உண்டு. அதை மேல்வகுப்புக்கு விட்டுவிடலாம். ஆக, பலகையில் மூன்று வாக்கியம், பேச்சுத்தமிழில் ஒரு இணை, எழுவாய் எங்கே நிற்கிறது என்று ஒரு குறிப்பு. இவ்வளவு கொடுத்தால் பிள்ளையின் கையில் சொல் முழுதாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். ஆனால் நம் மாணவர்களின் தாளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் பெரும்பாலும் இந்த ஒரே ஊற்றிலிருந்து வருபவை. 'டிஸ்கஸ்' என்றால் விவாதித்தல் என்று படித்தவர் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுகிறார். தமிழில் ஒன்றைப் 'பற்றி'த்தானே விவாதிக்கிறோம்? 'எக்ஸ்பிளெயின் மீ' என்று எழுதுபவருக்கு 'எனக்கு விளக்குங்கள்' என்பதில் உள்ள 'கு' ஆங்கிலத்தில் 'டு' என்று தனியாக நிற்க வேண்டும் என்பதை யாரும் காட்டவில்லை. 'அட்வைசஸ்' என்று பன்மை போடுபவர், தமிழில் அறிவுரைகள் இருப்பதால் போடுகிறார். இவர்கள் எல்லாரும் பொருளைச் சரியாகப் படித்தவர்கள். வினைச்சொல் எந்த உருபை ஏற்கும், பெயர்ச்சொல் பன்மை ஏற்குமா என்ற செய்தி மட்டும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

இந்தச் செய்தி அகராதியில் இடம்பெற்றதற்கே ஒரு வரலாறு உண்டு. அது இங்கிலாந்தில் தொடங்கவில்லை, ஜப்பானில் தொடங்கியது. 1923-இல் டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தலை ஆராய ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் ஹெரால்ட் பால்மர். ஜப்பானியக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்க வந்த ஏ.எஸ். ஹார்ன்பி அவரோடு சேர்ந்துகொண்டார். ஆங்கிலேயருக்காக எழுதப்பட்ட அகராதிகள் பொருளை விளக்கின. ஆனால் அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்க வேண்டிய ஜப்பானிய மாணவருக்கு அவை உதவவில்லை. ஆங்கிலேயருக்கு அந்தச் செய்தி தேவைப்படாததால் யாரும் அதை எழுதி வைக்கவில்லை. ஹார்ன்பி தம் சக ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து தொகுத்து, 1942-இல் டோக்கியோவில் வெளியான அகராதி ஒவ்வொரு வினைச்சொல்லும் எந்த வாக்கிய அச்சில் வரும் என்று எண்ணிட்டுக் காட்டியது. பெயர்ச்சொல் எண்ணத்தக்கதா இல்லையா என்று குறித்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை மறுபதிப்புச் செய்தது. இன்று உங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கக்கூடிய ஆக்ஸ்ஃபோர்ட் 'அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்' அகராதி அதன் வழிவந்ததுதான். வேற்றுமொழிப் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதை வகுப்பறையில் நின்று பார்த்த ஆசிரியர்கள் செய்த அகராதி அது. அந்த அகராதி நமக்குத் தரும் செய்தியில் பாதியை நோட்டுக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டு மீதியை மட்டும் எழுதிப்போடுகிறோம் என்பதுதான் என் மனக்குறை.

இது மேலைநாட்டுப் புதுமை, நம் மரபுக்கு ஒவ்வாது என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு சொல்லை அதனோடு சேர்ந்துவரும் சொற்களைக் கொண்டே அறிய முடியும் என்ற கருத்தை 1950-களில் மொழியியலில் வலியுறுத்தியவர் ஜே.ஆர். ஃபர்த், லண்டனில் பேராசிரியர் ஆவதற்கு முன் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆனால் நம் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் உரியியலில் இதை எப்போதோ சொல்லிவிட்டார்: உரிச்சொல்லின் பொருளை அதற்கு முன்னும் பின்னும் வருபவற்றை நாடித்தான் உணர்த்த வேண்டும் என்கிறார். 'கடி' என்ற ஒரே உரிச்சொல்லுக்கு நன்னூல் பதின்மூன்று பொருள் தருகிறது. 'கடிநகர்' என்றால் காவல், 'கடிமலர்' என்றால் மணம் என்று பொருள்களைப் பிரித்துக் காட்டுவது அடுத்து நிற்கும் நகரும் மலரும்தான். தமிழ் வகுப்பில் இதை நாம் இயல்பாகவே கற்பிக்கிறோம். வாழைக்கு இலை, தென்னைக்கு ஓலை, தாழைக்கு மடல். குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும். இவற்றுக்கு மரபுச்சொற்கள் என்று பெயரே வைத்திருக்கிறோம். 'தென்னை இலை' என்று எழுதிய பிள்ளையைப் பார்த்து, உனக்குப் பொருள் தெரிந்திருக்கிறது, மரபு தெரியவில்லை என்று தமிழாசிரியர் திருத்துகிறார். அடுத்த பீரியடில் அதே பிள்ளை 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதும்போது, மழைக்கு ஆங்கிலத்தில் 'ஹெவி' என்பதே மரபு என்று ஆங்கில ஆசிரியரும் திருத்தலாம். தமிழ் வகுப்பில் வளர்ந்த அந்த உணர்வு ஆங்கில வகுப்பு வாசலில் நின்றுபோக வேண்டியதில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும், அதை நான் மதிக்கிறேன். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டுகளை மனப்பாடம் செய்தார்களே, சொல்லுக்குச் சொல் அடுக்கிய அந்தப் பட்டியல்களை உருப்போட்டுத்தானே பெரும்புலவர்கள் உருவானார்கள், இன்று மட்டும் பட்டியல் எப்படிக் குற்றமாகும் என்று கேட்கலாம். நிகண்டு பயனுள்ள கருவிதான். ஆனால் அதைப் படித்த பிள்ளைக்குத் தமிழின் வாக்கிய அமைப்பு பால்குடி நாளிலேயே வந்துவிட்டது. சொல் எந்த உருபை ஏற்கும், எதோடு சேரும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நிகண்டு அந்த அமைப்புக்குள் புதிய சொற்களைக் கொண்டுவந்து சேர்த்தது. பின்னர் அந்தச் சொற்களை இலக்கியங்களில் மீண்டும் மீண்டும் சந்திக்கும் வாய்ப்பும் இருந்தது. ஆங்கிலத்தில் நம் பிள்ளைக்கு அந்த அடிக்கட்டுமானமும் இல்லை, அந்த மறுசந்திப்பும் இல்லை. மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. எதை மனப்பாடம் செய்கிறோம் என்பதுதான் கேள்வி. தனிச்சொல்லுக்குப் பதில் நல்ல வாக்கியம் ஒன்றை உருப்போட்டால் அதே உழைப்பில் பொருளும் ஆட்சியும் ஒன்றாக வந்துசேரும்.

இரண்டாவது மறுப்பு நேரத்தைப் பற்றியது. நாற்பது பேர் கொண்ட வகுப்பு, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், ஒரு பாடத்தில் இருபது புதுச்சொல். ஒவ்வொன்றுக்கும் கால்மணி செலவிட எங்கே போவது? நேர்மையான கேள்வி இது. என் பதில், இருபதும் வேண்டாம் என்பதே. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1920-களில் வங்காளப் பள்ளிகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: படிப்பைப் பாதியில் நிறுத்திவிடும் மாணவன், நிறுத்திய நாள்வரை கற்ற ஆங்கிலத்திலிருந்து எதைப் பயனாக எடுத்துக்கொண்டு போகிறான்? முழுதும் படித்து முடித்தால்தான் பயன் தரும் பாடத்திட்டம், பாதியில் போகிறவனை வெறுங்கையோடு அனுப்பிவிடும். இந்தக் கவலை நம் பிள்ளைகள் விஷயத்தில் இன்றும் பொருந்துகிறது. வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள் இருந்தன. சாதாரண ஆங்கில உரைநடை ஒன்றை எடுத்தால் அதில் வரும் சொற்களில் சுமார் 80 விழுக்காடு இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். ஒரு சொல்லின் பல பொருள்களில் எது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் அவர் குறித்திருந்தார்.

பாடநூல் ஓரத்தில் பொருள் தரப்படும் சொற்கள் பெரும்பாலும் இந்த 2000-க்கு வெளியே இருப்பவை, கதைக்கு மட்டும் தேவைப்படுபவை. அவற்றுக்குத் தமிழில் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தாராளமாகக் கடந்து போகலாம். ஒற்றைப் பொருளே அங்கே போதும். நேரத்தைச் செலவிட வேண்டிய சொற்கள் தெரிந்ததாக எண்ணி நாம் தாண்டிப்போகும் 'டேக்', 'கீப்', 'மேக்', 'மிஸ்', 'மேனேஜ்' போன்றவை. 'கீப்' என்றால் வைத்தல் என்று ஆறாம் வகுப்பில் படித்த பிள்ளை, 'ஷீ கெப்ட் டாக்கிங்' என்பதைப் பத்தாம் வகுப்பிலும் புரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடும். பேசிக்கொண்டே இருந்தாள் என்பதில் வரும் நம் 'கொண்டே' அதுதான் என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியும். பாடத்துக்கு நான்கைந்து சொல் இப்படி எடுத்தால் ஐந்தாண்டில் சேரும் தொகை சிறிதாக இருக்காது.

தேர்வைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் தொடங்குவதே இணைச்சொல், எதிர்ச்சொல் வினாக்களோடுதான். பட்டியலை உருப்போடாமல் எப்படி மதிப்பெண் எடுப்பது என்கிறார்கள். அந்த வினாக்களிலும் சொல் ஒரு வாக்கியத்துக்குள்தான் கொடுக்கப்படுகிறது. வாக்கியத்தைப் பார்க்கப் பழகிய பிள்ளையால் பட்டியலில் இல்லாத விடையையும் ஊகிக்க முடியும். அதற்கு மேல், கடிதத்துக்கும் கட்டுரைக்கும் உள்ள மதிப்பெண்ணைப் பட்டியல் வாங்கித் தராது.

நினைவில் நிற்பது பற்றி ஆராய்ச்சி சொல்வதும் நம் வழக்கத்தை மாற்றச் சொல்கிறது. ஜெர்மானியரான எபிங்ஹௌஸ் 1885-இல் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை உருப்போட்டு, அவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்று அளந்தார். முதல் நாளுக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது, இடைவெளி விட்டு மீண்டும் படித்தால் நிற்கிறது என்பது அவர் கண்டது. வாக்கியமில்லாத தனிச்சொல் பிள்ளைக்குப் பொருளற்ற அசைக்கு மிக அருகில்தான் இருக்கிறது. 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் மாணவர்களை இரு விதமாகப் படிக்கவைத்தார்கள். ஒரு சாரார் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மறு சாரார் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவுகூர்ந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். மறுநாள் காலை ஒப்பிக்கச் சொல்லி மகிழ்ந்துபோகும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. திங்களன்று கொடுத்த சொல்லை வெள்ளியன்று, நோட்டை மூடச் சொல்லிவிட்டு, தம் வீட்டைப் பற்றியோ ஊரைப் பற்றியோ ஒரு வாக்கியத்தில் எழுதச் சொன்னால் போதும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

தமிழே கலக்காமல் ஆங்கிலத்திலேயே பொருள் சொல்ல வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் உங்களில் சிலருக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் நான் இல்லை. புரியாத சொல்லை அதைவிடப் புரியாத இரண்டு சொற்களால் விளக்கினால், பிள்ளை வகுப்பிலிருந்தே மனத்தால் வெளியேறிவிடும். தமிழ்ப் பொருள் கட்டாயம் வேண்டும். ஆனால் அது பிள்ளையின் வீட்டில் புழங்கும் தமிழாக இருக்கட்டும். அகராதித்தமிழில் பொருள் எழுதினால் ஆங்கிலச் சொல்லோடு சேர்த்துத் தமிழ்ச் சொல்லையும் உருப்போட வேண்டிய இரட்டைச் சுமை ஏறுகிறது. 1992-இல் வெளிவந்த க்ரியா தற்காலத் தமிழ் அகராதி தமிழ்ச் சொல்லுக்கே இன்றைய வழக்கிலிருந்து எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்தது. தாய்மொழிச் சொல்லுக்கே அது தேவைப்படுகிறது என்றால் அயல்மொழிச் சொல்லுக்குச் சொல்லவே வேண்டாம்.

போனில் தட்டினால் பொருள் வந்துவிடுகிறதே, இதையெல்லாம் ஏன் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். பொருள் வரும் என்பது உண்மை. எழுதிய வாக்கியம் சரியா என்று தானே தீர்மானிக்கும் அறிவு அதோடு வராது. நிறைய வாசித்தால் தானாக வந்துவிடும் என்று சொல்பவர்கள் சொல்வதும் உண்மைதான்; புத்தகம் நிறைந்த வீடுகளில் அப்படித்தான் வருகிறது. பள்ளிக்கூட நேரத்தைத் தவிர ஆங்கிலம் கண்ணில் படாத பிள்ளைக்கு அந்த வாசிப்பின் இடத்தில் இருப்பது உங்கள் கரும்பலகை மட்டுமே.

என் வேண்டுகோள் இரண்டு. நோட்டில் இன்னொரு கோடு போடச் சொல்லுங்கள். மூன்றாவது பத்தியில் அந்தச் சொல் வரும் வாக்கியம் ஒன்று இருக்கட்டும், அது பிள்ளையே எழுதி நீங்கள் திருத்தியதாக இருக்கட்டும். குறுவள மையக் கூட்டங்களில் கூடும்போது, அடுத்த பாடத்துக்கு எந்த ஐந்து சொல் என்று சேர்ந்து முடிவுசெய்யுங்கள். அவற்றுக்கு உங்கள் வட்டாரத்தில் என்ன சொல்வார்கள் என்று பேசுங்கள். கொங்குப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும் சொல் நெல்லைப் பிள்ளைக்குப் பிடிபடாமல் போகலாம். அது உங்களுக்குத்தான் தெரியும், சென்னையில் அமர்ந்து பாடநூல் எழுதுபவருக்குத் தெரியாது. முதல் கூட்டத்துக்கு 'சஜஸ்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். 'சஜஸ்ட் மீ எ புக்' என்றும் 'ஹீ சஜஸ்டட் டு கோ' என்றும் பட்டம் பெற்றவர்களே எழுதுகிறார்கள். அது ஏன் 'சஜஸ்ட் எ புக் டு மீ' என்றும் 'ஹீ சஜஸ்டட் கோயிங்' என்றும் வர வேண்டும் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த மூன்று வாக்கியத்தால் காட்டலாம் என்று நீங்கள் கலந்துபேசினால், அந்த மூன்று வாக்கியங்களும் மறுநாளே பலகைக்கு வந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் பணியை மதிக்கும் வாசகர் ஒருவர்